ஊசி படாத இணைப்பு: கோர்வைப் புடவையைக் கண்டுகொள்வது எப்படி?

காஞ்சிபுரம் காந்தி ரோட்டுக் கடைகளில் புடவையை விரித்துக் காட்டுபவர் முதலில் முந்தானையைத்தான் வீசுவார். ஜரிகை கண்ணைப் பறிக்கும். விலைச்சீட்டு அதற்குப் பிறகுதான் கண்ணில் படும். "இது கோர்வையா?" என்று கேட்டால், கேள்வி முடிவதற்குள் "எல்லாமே கோர்வைதாம்மா" என்று பதில் வந்துவிடும். அந்தப் பதிலைச் சரிபார்க்க முந்தானை உதவாது. உடல் நிறம் முடிந்து கரை நிறம் தொடங்கும் கோட்டைப் பார்க்க வேண்டும், அதுவும் புடவையைப் புரட்டிப் போட்டு.

உடல் பச்சை, கரை அரக்கு என்றால் இரண்டு நிறமும் ஒன்றில் ஒன்று கலக்காமல் நிற்கும்படி கரையை உடலோடு இணைக்கும் இந்தக் கோர்வை நெசவுதான் காஞ்சிபுரப் பட்டுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. உடலையும் கரையையும் தனித்தனியாக நெய்து பிறகு சேர்க்கிறார்கள் என்று சுற்றுலாக் கையேடுகள் பலவற்றில் எழுதியிருக்கும். விற்பனையாளர் சிலரும் அதையே சொல்வார்கள். பிள்ளையார்பாளையத்தில் ஒரு குழித்தறியின் பக்கத்தில் கால் மணி நேரம் நின்று பார்த்தவர் அதை நம்பமாட்டார். இரண்டு கரையும் நடு உடலும் ஒரே தறியில், ஒரே நேரத்தில், அங்குலம் அங்குலமாக ஒன்றாகவே வளர்கின்றன. நெய்து முடித்த பிறகு சேர்ப்பதற்கு எதுவும் மிச்சம் இருக்காது.

இது புரிய வேண்டுமானால் முதலில் கோர்வை இல்லாத புடவையைப் பார்ப்பது நல்லது. தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருப்பது பாவு. குறுக்கே ஓடுவது ஊடை. பாவு போடும்போதே இரண்டு ஓரத்திலும் அரக்கு இழை, நடுவில் பச்சை இழை என்று வைத்துவிடலாம். அதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. சிக்கல் ஊடையில் வருகிறது. ஊடை இழையைச் சுமந்துகொண்டு குறுக்கே போய்வரும் நாடா ஒன்றே ஒன்று என்றால், அதில் இருக்கும் பச்சை இழை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை போய்த்தான் திரும்பும். நடுவில் பச்சைப் பாவின் மேல் பச்சை ஊடை விழுவதால் நிறம் தெளிவாக இருக்கும். ஓரத்திலோ அரக்குப் பாவின் மேல் பச்சை ஊடை விழுகிறது. அரக்கும் இல்லாமல் பச்சையும் இல்லாமல், சாய்த்துப் பார்த்தால் பழுப்படிக்கும் ஒரு கலப்பு நிறம் அங்கே வந்துவிடும்.

கோர்வையில் நாடா மூன்று. நடு நாடா உடலை மட்டும் நெய்துகொண்டு வந்து கரையின் எல்லையில் நின்றுவிடும். கரைக்கென்று இருக்கும் நாடா வெளி ஓரத்திலிருந்து அதே எல்லைக்கு வரும். இரண்டு நாடாவின் இழைகளும் அங்கே ஒன்றையொன்று வளைத்துப் பிடித்துக்கொண்டு வந்த வழியே திரும்பும். அப்படி வளைத்துப் பிடிக்காவிட்டால் உடலுக்கும் கரைக்கும் நடுவே நீளமாகப் பிளவு விழுந்துவிடும். மறுபக்கக் கரையிலும் இதே வேலை. ஆறு கெஜம் முடிவதற்குள் இப்படி ஆயிரக்கணக்கான பூட்டுகள் விழுந்திருக்கும். ஒன்றுகூட ஊசி போட்டது இல்லை. இரண்டு கரைக்கும் வெவ்வேறு நிறம் கொடுத்தால் அதற்குக் கங்கா ஜமுனா என்று பெயர். அப்போது மூன்று நாடாவிலும் மூன்று நிறம் ஓடும்.

புடவையின் அகலத்துக்கு ஒருவர் கை இரண்டு ஓரத்தையும் சௌகரியமாக எட்டாது. அதனால் இருபக்கக் கோர்வைத் தறியில் இரண்டு பேர் வேண்டும். நெசவாளர் ஒரு பக்கம். கரை நாடாவைப் போட்டு வாங்கும் துணையாள் மறுபக்கம். பல வீடுகளில் கணவனும் மனைவியும் அப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். முன்பு பல தறிகளில் அந்தத் துணையாளின் இடத்தில் இருந்தவர்கள் சிறுவர்கள். ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2003 ஜனவரியில், இந்தியப் பட்டுத் தொழிலில் இருந்த கொத்தடிமைக் குழந்தைகளைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. காஞ்சிபுரமும் அதில் இடம்பெற்றது. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகப் பிள்ளைகள் தறியில் உட்கார்ந்த கதை அது. கோர்வையின் பெருமையைப் பேசும் விளம்பரம் எதிலும் இந்தப் பக்கம் வராது. பிள்ளைகள் எழுந்து பள்ளிக்கூடம் போனபோது அந்த இடத்துக்குப் பெரியவர் ஒருவர் வர வேண்டியதாயிற்று, கூலியும் கூடியது. வேலைப்பாட்டைப் பொறுத்துப் பத்து நாளிலிருந்து ஒரு மாதம்வரை இரண்டு பேர் உட்காரும் தறி என்றால் விலை ஏறத்தான் செய்யும், ஏறவும் வேண்டும். 'மலிவு விலையில் அசல் கோர்வை' என்று யாராவது சொன்னால், ஒன்று அது கோர்வை இல்லை, அல்லது யாரோ ஒருவருக்குக் கூலி சரியாகப் போகவில்லை.

செலவைக் குறைக்க நேர்வழியும் இருக்கிறது. ஒருபக்கக் கோர்வை என்று கேட்டால் ஒரு கரை மட்டும் இப்படி இணைக்கப்பட்டிருக்கும். இரண்டு நாடாவோடு வேலை முடிந்துவிடும். கட்டும்போது கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் கீழ்க்கரைதான். இடுப்பில் செருகி மறைந்துவிடும் மேல்கரைக்காகச் செலவழிக்க மனமில்லாதவருக்கு இது நியாயமான சமரசம்.

கரையிலிருந்து உடலுக்குள் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும் முக்கோணங்களைக் கோபுரம் என்பார்கள். ஏகாம்பரநாதர் கோயிலின் ராஜகோபுரத்தைக் காட்டி 'அதைப் பார்த்துத்தான் இது' என்று சொல்லும் வழக்கமும் கடைகளில் உண்டு. இருக்கட்டும். ஆனால் அந்த முக்கோணத்துக்குத் தறி சார்ந்த ஒரு பயனும் இருக்கிறது. கரையும் உடலும் ஒரே நேர்கோட்டில் சந்தித்தால், அந்தக் கோட்டில் இருக்கும் ஒன்றிரண்டு பாவு இழைகளே முழு இழுப்பையும் தாங்க வேண்டும். எல்லை படிப்படியாக உள்ளே போய் வெளியே வந்தால், பாரம் பல இழைகளுக்குப் பிரிந்து போகிறது. அலங்காரமாகத் தெரிவது கொஞ்சம் பொறியியலும்தான். சென்னையில் ருக்மிணி தேவி அருண்டேல் கலாக்ஷேத்ராவில் 1937இல் தொடங்கிய நெசவுப் பிரிவு, பழைய புடவைகளைப் பார்த்து அகலக் கரைகளையும் கோபுர வரிசைகளையும் மீண்டும் தறிக்குக் கொண்டுவந்தது. வெறும் உடல், கனமான கோர்வைக் கரை என்று நடன மேடையில் பார்த்துப் பழகிய அந்தப் பாணிக்கு இன்றும் கேட்டு வருபவர்கள் உண்டு.

கரை அகலவாக்கில் வரும் இணைப்பு. முந்தானைக்கு வேறு நிறம் வேண்டுமென்றால் நீளவாக்கில் இன்னோர் இணைப்பு தேவைப்படுகிறது. அதற்குப் பெயர் பிட்னி. சிலர் பெட்னி என்பார்கள். உடல்பாவின் இழைகளோடு முந்தானைப் பாவின் இழைகளைக் கோத்து, இரண்டையும் சேர்த்தே சிறிது தூரம் நெய்வார்கள். பிடி இறுகிய பிறகு பழைய நிறத்து இழைகளை வெட்டி எடுத்துவிடுவார்கள். அதற்கு மேல் நெய்வது முழுக்க முந்தானை நிறம்தான். பொறுமையைச் சோதிக்கும் வேலை இது. இழைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஒன்று தவறினால் புடவையின் நடுவே ஒரு கோடு தெரியும். அதனால் பிட்னிப் புடவையைக் கடைகளில் இப்போது கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. பல கடைகளில் 'கான்ட்ராஸ்ட் முந்தி' என்று எடுத்துப் போடுவதில் உடல்பாவு அப்படியே முந்தானைக்குள் ஓடும். ஊடை மட்டும் மாறியிருக்கும்.

இந்த வித்தை காஞ்சிபுரத்துக்கு மட்டும் சொந்தமில்லை. கர்நாடகத்தின் இல்கல் புடவையில் உடல்பாவையும் சிவப்பு முந்தானைப் பாவையும் கண்ணி கண்ணியாகக் கோக்கும் முறைக்கு தோப் தெனி என்று பெயர். பிட்னியின் நெருங்கிய சொந்தம். தெலங்கானாவின் கத்வாலில் உடல் பருத்தியாகவும் கரை பட்டாகவும் இருக்கும். இரண்டையும் சேர்ப்பது இதே பூட்டு. பைத்தனி முந்தானையின் மயிலும் காஷ்மீரத்துக் கனி சால்வையின் பூவும், நிறம் மாறும் இடமெல்லாம் இழையை வளைத்துப் பிடித்து உண்டானவை. காஞ்சிபுரத்து நெசவாளர் அதைப் பூ வடிவத்தில் செய்யாமல், ஆறு கெஜ நீளத்துக்கு இரண்டு கோடாகச் செய்கிறார்.

தையல் இல்லாத உடைமீது மனிதருக்கு நெடுநாளாக ஒரு மயக்கம் இருந்திருக்கிறது. யோவான் சுவிசேஷத்தின் 19ஆம் அதிகாரத்தில் இயேசுவின் அங்கி மேலிருந்து கீழ்வரை தையலே இல்லாமல் நெய்யப்பட்டது என்று வருகிறது. கிழித்துப் பங்கு போட மனமில்லாமல் படைவீரர்கள் சீட்டுப் போட்டார்கள். கம்பளி ஸ்வெட்டர் பின்னுபவர்களுக்கு இது இன்னும் எளிது. கழுத்தில் ஆரம்பித்துத் தோளுக்குக் கண்ணிகளைக் கூட்டிக்கொண்டே இறங்கி, கைக்கு வேண்டியதை ஒரு நூலில் கோத்து ஒதுக்கி வைத்துவிட்டு, உடலைச் சுற்றிச் சுற்றிப் பின்னி முடிக்கலாம். பாதியில் போட்டுப் பார்த்து அளவையும் சரிசெய்துகொள்ளலாம். அமெரிக்கரான பார்பரா வாக்கர் 1972இல் இந்த முறைக்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். ஜப்பானின் ஷிமா செய்க்கி நிறுவனம் 1995இல் இதை இயந்திரத்துக்குக் கொண்டுபோனது. திருப்பூரில் வட்டப் பின்னல் இயந்திரம் குழாயாகத் துணியைத் தருவதால்தான் பல பனியன்களுக்குப் பக்கத் தையல் இருப்பதில்லை. பின்னலில் ஒரே நூல் வளைந்து வளைந்து ஓடுகிறது. எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பலாம். தறியில் பாவும் ஊடையும் செங்குத்தாகத்தான் வெட்டிக்கொள்ள முடியும். நிறம் மாறும் ஒவ்வொரு எல்லையிலும் கையால் ஒரு பூட்டுப் போட வேண்டியிருப்பது அதனால்தான்.

இனி கடைக்குள். பகல் வெளிச்சத்தில் பார்ப்பது நல்லது. மஞ்சள் விளக்கின் கீழ் எல்லா அரக்கும் அசல் அரக்காகத்தான் தெரியும். புடவையைப் புரட்டிப் போட்டு உடலும் கரையும் சேரும் கோட்டின் மீது விரலை ஓட்ட வேண்டும். கோர்வையில் விரலுக்கு ஒரு சொரசொரப்பு தட்டும். இழைகள் வளைந்து திரும்பிய இடங்கள் ஒரு மெல்லிய வரம்பு மாதிரி நிற்கும். மழமழவென்று விரல் வழுக்கிக்கொண்டு போனால் ஊடை ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நேராக ஓடியிருக்கிறது என்று பொருள். கோட்டின் ஓரத்தில் கத்தரித்துவிட்ட நூல்முனைகள் பஞ்சு மாதிரி துருத்திக்கொண்டிருந்தால் அதையும் கவனிக்க வேண்டும். கோர்வையில் இழை வளைந்து திரும்பும், வெட்டுப்பட்டு நிற்காது. கைபேசிக் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தாலே இந்த வித்தியாசம் தெரிந்துவிடும். கோடு கொஞ்சம் கோணல்மாணலாக இருந்தால் பயப்படத் தேவையில்லை. இரண்டு பேர் கை மாறி மாறி விழுந்த அடையாளம் அது.

விரலைவிட நம்பகமான சோதனை ஒன்று இருக்கிறது. ஏனோ அதை யாரும் கடையில் சொல்லித் தருவதில்லை. புடவையின் வெளி ஓரத்தை, அதாவது கரையும் முடிந்து துணி தீர்ந்துபோகும் விளிம்பை, கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பார்க்க வேண்டும். ஊடை திரும்பும் இடம் அது. பச்சை உடல், அரக்குக் கரைப் புடவையில் அந்த விளிம்பில் திரும்பும் இழை அரக்கு என்றால் கரைக்குத் தனி நாடா ஓடியிருக்கிறது. திரும்புவது பச்சை என்றால் அந்தக் கரைக்குத் தனி நாடா இல்லை; அந்தப் பக்கம் கோர்வை என்ற பேச்சுக்கு இடமில்லை. கரை முழுவதும் ஜரிகை மூடியிருக்கும் புடவையிலும் இந்தச் சோதனை பலிக்கும். உடலும் கரையும் ஒரே நிறமாக இருந்தால் மட்டும் இது உதவாது. அப்படிப்பட்ட புடவைக்குக் கோர்வையே தேவையில்லை என்பதால் அதற்காகக் கூடுதல் காசு கொடுக்கவும் வேண்டாம்.

முந்தானைக்கும் இதே தர்க்கம்தான். முந்தானையை வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். உடல் நிறம் எங்கேயாவது எட்டிப் பார்த்தால் பிட்னி இல்லை. முந்தானையின் ஓரத்தில் குஞ்சம் கட்டாமல் விட்டிருந்தால் வேலை இன்னும் சுலபம்: தொங்கும் இழைகள் பாவு இழைகள். அவை உடல் நிறத்தில் இருந்தால் பாவு மாறவில்லை. பிட்னி போட்ட இடத்தில், உடல் முடிந்து முந்தானை தொடங்கும் குறுகிய பட்டை தொட்டால் சற்றுத் தடிப்பாகவும் இருக்கும்.

முத்திரைகளை நம்பினால் போதாதா என்று கேட்கலாம். காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு 2005இல் கிடைத்தது. மத்தியப் பட்டு வாரியத்தின் முன்முயற்சியில் சில்க் மார்க் 2004இல் வந்தது. ஹேண்ட்லூம் மார்க் 2006இல். சில்க் மார்க் இருந்தால் இழை சுத்தமான பட்டு. ஹேண்ட்லூம் மார்க் இருந்தால் நெய்தது கைத்தறி. இரண்டும் தேவையானவைதான். ஆனால் சுத்தப் பட்டில், கைத்தறியில், ஒற்றை நாடாவில் நெய்த புடவைக்கும் இந்த இரண்டு முத்திரையும் கிடைக்கும். இணைப்பு எப்படிப் போடப்பட்டது என்று எந்தச் சீட்டும் சொல்வதில்லை. அறிஞர் அண்ணா, காமாட்சியம்மன், திருவள்ளுவர் போன்ற பெயர்களில் இயங்கும் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்களின் கடைகளில் விலையும் எடையும் சீட்டில் இருக்கும். அங்கேயும் கோர்வையா என்று கேட்டு, புரட்டிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். ரயிலடியிலோ பேருந்து நிலையத்திலோ ஏறிய ஆட்டோ தானாகவே ஒரு கடை வாசலில் போய் நின்றால், அந்தக் கடையில் கேட்கும் விலையில் ஓட்டுநருக்கும் ஒரு பங்கு சேர்ந்திருக்கக்கூடும்.

பில் போடும்போது 'பட்டுப் புடவை 1' என்று எழுதி நீட்டினால் வாங்கிக்கொண்டு வந்துவிடக் கூடாது. 'இருபக்கக் கோர்வை, பிட்னி முந்தி, கைத்தறி' என்று எழுதித் தரச் சொல்ல வேண்டும். எழுத மறுத்தாலே பாதி பதில் கிடைத்துவிடும். எழுதிக் கொடுத்த பிறகு பொருள் வேறாக இருந்தால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையத்துக்குப் போக அந்தக் காகிதமே சாட்சி.

இவ்வளவு சொன்னதால் கோர்வை இல்லாததெல்லாம் போலி என்று நினைத்துவிடக் கூடாது. ஒற்றை நாடாவில் நெய்த நல்ல பட்டுப் புடவைகள் காஞ்சிபுரத்தில் ஏராளம். கரையில் வரும் அந்தக் கலப்பு நிறமே வேண்டுமென்று கேட்டு வாங்குபவர்களும் உண்டு. அலுவலகத்துக்குக் கட்டிப் போக, கொஞ்சம் எடை குறைவாக வேண்டும் என்பவருக்கு அதுதான் பொருத்தம். தவறு எங்கே வருகிறது என்றால், கோர்வை விலைக்கு அதை விற்கும்போது.

'புடவை கிழிந்தாலும் கரை பிரியாது' என்பது ஊரில் எல்லோரும் சொல்வது. அதில் உண்மை இருக்கிறது. இணைப்பில் இழைகள் நெருக்கமாகவும் வளைந்தும் இருப்பதால் அந்த இடம் சுலபத்தில் விடாது. ஆனால் பழைய பட்டுப் புடவைகள் பொதுவாகப் போவது வேறு இடத்தில்: வருடக்கணக்கில் ஒரே மடிப்பில் வைத்த கோட்டிலும், கனமான ஜரிகையை ஒட்டிய மெல்லிய உடலிலும். ஆகவே ஹேங்கரில் தொங்கவிட வேண்டாம்; ஜரிகைக் கரையின் கனம் உடலைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். பருத்தித் துணியில் சுற்றி வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்து மடிப்பை மாற்றிப் போட வேண்டும். வாசனைத் திரவியம் ஜரிகையில் பட்டால் கறுக்கும். வெளிர் உடலும் அடர் கரையுமாக இருக்கும் கோர்வையை வீட்டில் தண்ணீரில் நனைப்பது ஆபத்து. கரையின் சாயம் உடலில் இறங்கினால் எடுப்பது கடினம்.

ஃபால்ஸ் தைக்கக் கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொல்லி அனுப்ப வேண்டும். அகலக் கரை என்றால் ஃபால்ஸின் மேல் விளிம்பு கரைக்குள்ளேயே அடங்கிவிடும், தொல்லை இல்லை. குறுகிய கரையில் அந்த விளிம்பு சரியாகக் கோர்வைக் கோட்டின் மேல் வந்து விழும். ஊசி அந்தப் பூட்டுகளைத் துளைக்காதபடி, ஃபால்ஸை மடித்து அகலத்தைக் குறைத்து, மெல்லிய ஊசியால் கைத்தையல் போடச் சொல்ல வேண்டும். இயந்திரத் தையல் வேண்டவே வேண்டாம்.